மரங்கொத்தியின் கூட்டைத் தேடுவோருக்கு இ-பேர்ட் எவ்வளவு உதவும்?

காக்கை அளவில், உடல் கருத்து வயிறு வெளுத்திருக்கும் வெள்ளைவயிற்று மரங்கொத்தி மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கெங்கே வாழ்கிறது, எங்கே கூடு வைக்கிறது என்று அறிவதற்காக பறவை பார்ப்போர் தாம் கண்டவற்றைப் பதிவிடும் இ-பேர்ட் இணையச் சேவையைப் பயன்படுத்தி வருகிறேன். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் தொடங்கிய இச்சேவைக்குக் கட்டணம் இல்லை. முதல் கேள்விக்கு நல்ல விடை கிடைக்கிறது; இரண்டாவதற்கு அரைகுறைதான்.

பறவையின் பெயரைக் கொடுத்தால் பரவல் வரைபடம் ஊதாக் கட்டங்களாக விரிகிறது. பெரிதாக்கினால் அவை தனிப் புள்ளிகளாகப் பிரிந்து, கடந்த 30 நாள் பதிவுகள் சிவப்பிலும் பழையவை நீலத்திலும் தெரிகின்றன. முதுமலை, ஆனைமலை, பரம்பிக்குளம், தட்டேக்காடு என்று மலைத்தொடரை ஒட்டி இறங்கிவரும் அந்தப் பரவலை வேறெங்கும் இவ்வளவு எளிதாகப் பார்க்க முடியாது. ஆனால் புள்ளிகள் சாலையோரத்திலும் வனத்துறை விடுதிகளைச் சுற்றியும் நெருக்கமாக இருப்பதற்கு, அங்கேதான் நம்மால் சுலபமாகப் போய்வர முடிகிறது என்பதும் ஒரு காரணம். தவிர, பலரும் பதிவுகளை 'ஹாட்ஸ்பாட்' எனும் பொதுப் புள்ளியில் சேர்ப்பதால், பறவை அமர்ந்த மரம் அதிலிருந்து வெகு தொலைவில் இருக்கக்கூடும்.

கூட்டுக்கு இந்தப் பறவை நாடுவது பருத்த, உயர்ந்த, பெரும்பாலும் பட்டுப்போன மரங்களை. எனவே காட்டின் பரப்பைவிட அத்தகைய மரங்கள் வெட்டப்படாமல் நிற்கின்றனவா என்பதே முக்கியம். அதைப் பதிவதற்கு இ-பேர்டில் தனிக் கட்டம் கிடையாது. குறிப்புப் பெட்டியில் நாமாக எழுதினால்தான் உண்டு. கூடு கட்டுவது, குஞ்சுக்கு ஊட்டுவது போன்றவற்றைக் கண்டதாகக் குறிக்கும் இனப்பெருக்கக் குறியீடுகள் இருந்தும் நம்மவர் பலர் அவற்றைத் தொடுவதே இல்லை. அவற்றுள் மரங்கொத்திக்கும் ரென் எனும் சிறு குருவிக்குமென்றே 'பி' என்ற குறியீடு இருப்பதைப் பாராட்ட வேண்டும்: மரங்கொத்தி இரவில் தங்குவதற்கும் பொந்து குடைவதால், குடைவதைக் கண்ட மாத்திரத்தில் கூடு உறுதியாகாது, 'பெரும்பாலும் இருக்கும்' என்ற நிலையிலேயே அப்பதிவு சேரும். குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதைப் பார்த்தால் உறுதியான குறியீட்டையே இடலாம்.

பயன்படுத்துவோருக்கு இரண்டு யோசனைகள். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காதென்பதால் அந்தப் பகுதிப் பறவைகளின் பட்டியலான பறவைத் தொகுப்பை இ-பேர்ட் செயலியில் முன்பே இறக்கிவிடுங்கள். கூட்டைக் கண்டால் மரத்தின் வகை, அது பட்டதா பச்சையா, பொந்தின் உத்தேச உயரம் ஆகியவற்றை எழுதுங்கள்; மரம் நிற்கும் துல்லியமான இடத்தை மட்டும் எல்லோரும் பார்க்கும் பதிவில் போடாதீர்கள், கேமராக் கூட்டம் அங்கே திரண்டுவிடும்.