கேன், ஆர்.ஓ., மெட்ரோ குழாய், மழை: குடிக்கிற தண்ணீரை எங்கிருந்து எடுப்பது?

நாலு பேர் இருக்கிற வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 15 முதல் 20 லிட்டர் போதும். குளிக்க, துவைக்க, கழிவறைக்கு என்று போவதுதான் அதைப்போல் இருபது, முப்பது மடங்கு. சென்னையில் தண்ணீருக்குக் காசு கொட்டாமல் வாழ நினைக்கிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது. பெரிய தேவைக்குப் போர் தண்ணீர், லாரி, எதுவானாலும் சமாளிக்கலாம். குடிக்கிற 20 லிட்டரை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டால், அதற்கு யாரிடமும் கை நீட்ட வேண்டிய அவசியம் இந்த ஊரில் இல்லை.

கேன், ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரம், குடிநீர் வாரியம் விடுகிற மெட்ரோ குழாய், மழை என்ற நாலு வழிகளையும் ஒப்பிடுவதற்கு முன், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பேனா அளவுதான் இருக்கும், சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். வீட்டில் வருகிற ஒவ்வொரு தண்ணீரையும் தனித்தனி டம்ளரில் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை அனுமதிக்கிறது. உப்பு எவ்வளவு என்பதை மட்டும்தான் மீட்டர் சொல்லும், கிருமியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 80 காட்டுகிற தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கலாம், 700 காட்டுகிற கிணற்றில் ஒரு கிருமியும் இல்லாமல் இருக்கலாம்.

கேன்

வாரத்துக்கு நாலு கேன், கேன் 40 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 8,300 ரூபாய். முதலீடு இல்லை, பராமரிப்பு இல்லை, ஒரு போன் போட்டால் மூன்றாம் மாடிக்கே வந்துவிடும். அதன் பலம் அவ்வளவுதான்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் புறநகர் போர் தண்ணீரை ஆர்.ஓ. இயந்திரத்தில் விட்டு எடுத்தது. நம் வீட்டில் வீணாகும் கழிவுநீர் அங்கே வீணாகிறது, கண்ணில் படுவதில்லை, அதுதான் வித்தியாசம். கேன் பல கை மாறித் திரும்பி வருவது. உள்பக்கம் கீறல் விழுந்து, பால் போல வெளுத்துப்போன கேனைத் திருப்பி அனுப்புங்கள். கீறலில் பாசி பிடித்தால் எந்தக் கழுவலிலும் போகாது. மூடியின் சீல் முழுசாக இருக்கிறதா, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் நிரப்பிய தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். கேனைக் கவிழ்த்து வைக்கிற டிஸ்பென்சரையும் அதன் குழாயையும் வாரம் ஒருமுறை வெந்நீர் விட்டுக் கழுவாவிட்டால், சுத்தமான கேனும் அங்கேயே கெட்டுவிடும்.

பஞ்சக் காலத்தில் கேனும் நம்மைக் காப்பாற்றாது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தடவைக்கு 25 லட்சம் லிட்டர் கொண்டுவர வேண்டிய நிலை வந்தது. கேன் கம்பெனி உறிஞ்சுவதும் அதே வறண்ட நிலத்தடிதான். ஊர் தண்ணீர் வற்றினால் கேனும் வற்றும்.

ஆர்.ஓ.

இயந்திரம் 10,000 முதல் 15,000 ரூபாய், ஃபில்டர் மாற்றவும் சர்வீசுக்கும் வருஷத்துக்கு 3,000 முதல் 5,000 வரை. ஐந்து வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால் கேனை விடக் குறைவாக வரலாம், பெரிய லாபம் ஒன்றும் இல்லை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் வெளியே போகிறது. நாளுக்கு 10 லிட்டர் எடுக்கிற வீட்டில் வருஷத்துக்கு 7,000 முதல் 11,000 லிட்டர். அதைப் பிடித்து வீடு துடைக்கலாம், கழிவறையில் ஊற்றலாம். செடிக்கு ஊற்றும் முன் அளந்து பாருங்கள். 1,500 உள்ள போர் தண்ணீரை விட்டால் கழிவு 2,000-ஐத் தாண்டும், கறிவேப்பிலைக் கன்று இலை நுனி கருகிவிடும்.

போர் தண்ணீர் 1,000-க்கு மேல் இருந்து, மெட்ரோ இணைப்பும் இல்லாத இடத்துக்கு ஆர்.ஓ. நியாயமான கருவிதான். மெட்ரோ தண்ணீர் 300 காட்டுகிற வீட்டில் அதை மாட்டுவது வீண். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதமே உத்தரவிட்டது. உப்பு குறைந்த தண்ணீருக்குக் கொதிக்கவைத்தலே போதும்.

மெட்ரோ குழாய்

காசுக் கணக்கில் இதை அடிக்க ஆளில்லை. 10 லிட்டரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 100 கிராமுக்குச் சற்று மேல் கேஸ் ஆகும். சிலிண்டர் 870 ரூபாய் என்றால் சுமார் 7 ரூபாய். வருஷத்துக்கு 2,500. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷம் போதும். பத்து நிமிஷம், இருபது நிமிஷம் என்று கொதிக்கவிடுவது கேஸுக்குக் கேடு. சமைக்கிற தண்ணீர் எப்படியும் கொதிக்கப்போகிறது, அதைத் தனியாகக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை.

கேஸும் வேண்டாம் என்றால் வெயில் இருக்கிறது. கலங்கல் இல்லாத தண்ணீரை 2 லிட்டருக்கு மேற்படாத, லேபிள் கிழித்த, தெளிவான பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி மொட்டைமாடியில் படுக்கவைத்தால் ஆறு மணி நேர நல்ல வெயில் கிருமியைக் கொல்லும். மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள் வைக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் இந்த முறை பலிக்காது. தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசி, தண்ணீர் ஊற்றி, ஓர் இரவு விட்டால் கலங்கல் அடியில் படியும். தெளிவைத் தருவதோடு கொட்டையின் வேலை முடிந்தது, கிருமிக்கு வெயிலோ நெருப்போதான் வேண்டும்.

சிக்கல் குழாயில் இல்லை, தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் இருக்கிறது. அபார்ட்மென்ட்டில் மெட்ரோ, போர், லாரி மூன்றையும் ஒரே சம்ப்பில் விடுகிறார்கள். குடிக்கத் தகுந்த தண்ணீர் அந்த நிமிஷமே கெட்டுவிடுகிறது. மெட்ரோ லைனை மட்டும் 500 அல்லது 1,000 லிட்டர் தனித் தொட்டிக்குத் திருப்பி, அதிலிருந்து ஒவ்வொரு சமையலறைக்கும் ஒரே ஒரு குழாய் கொடுத்தால் பாதி பிரச்சினை தீர்ந்தது. பழைய வீடுகளில் வாசலிலேயே மெட்ரோ அடிபம்பு இப்படித்தான் தனியாக இருந்தது.

சாக்கடை கலப்பது எப்படி என்று தெரிந்தால் தடுக்கவும் தெரியும். தண்ணீர் விடாத நேரத்தில் தெருக்குழாய் காலியாக இருக்கும். பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் கசிந்தால், காலிக் குழாயின் விரிசல் வழியாக அது உள்ளே போகும். யாராவது மெயினில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம், அந்த இழுப்பே சாக்கடையைக் குழாய்க்குள் கொண்டுவரும். அதனால் தண்ணீர் வந்ததும் முதல் ஐந்து நிமிஷத்தை வேறு வாளியில் பிடியுங்கள். நாற்றமோ மஞ்சளோ இருந்தால் அன்றைக்குக் குடிக்க வேண்டாம், கொதிக்கவைத்தும் வேண்டாம்.

தொட்டியில் குளோரின் போட, 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். நேராகக் கொட்டாமல் ஒரு மக்கில் குழைத்து, தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். திறந்துவைத்த பவுடர் சில வாரத்தில் வீரியம் இழந்துவிடும். வாசனை போனதை வாங்கவே வேண்டாம்.

மழை

சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மொட்டைமாடி 93 சதுர மீட்டர், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் வருஷத்துக்கு ஒரு லட்சம் லிட்டர். குடிக்க நமக்குத் தேவை 7,000 லிட்டர்.

மாநிலம் முழுக்கக் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானது. அதற்கு ஓராண்டு முன்பே சேகர் ராகவன் மந்தைவெளியில் ரெயின் சென்டரைத் தொடங்கி, எப்படிச் செய்வது என்று மக்களுக்குக் காட்ட ஆரம்பித்திருந்தார். அப்போது பல வீட்டில் போட்டது நிலத்துக்குள் விடுகிற குழி. அது போருக்கும் கிணற்றுக்கும் நல்லது. குடிக்கப் பிடிப்பது வேறு ஏற்பாடு.

ஜனவரி முதல் ஜூன் நடுவரை சுமார் 165 நாள், நாளுக்கு 18 லிட்டர், ஆக 3,000 லிட்டர் தொட்டி வேண்டும். ஜூனுக்குப் பிறகு சாயங்கால மழைகளே தொட்டியை அவ்வப்போது நிரப்பிக்கொண்டு போகும். 3,000 லிட்டரை நிரப்ப மாடியில் 300 சதுர அடி ஒதுக்கினால் போதும், 135 மி.மீ. பெய்தால் நிரம்பிவிடும். ஐப்பசியில் அது இரண்டு, மூன்று நல்ல மழை நாள். நிரம்பிய தொட்டியின் எடை மூன்று டன். கீழே கார் நிறுத்துகிற பக்கம் வையுங்கள், பொறியாளரைக் கேட்காமல் மாடியில் ஏற்றாதீர்கள்.

முதல் மழையை விட்டுவிடுவதுதான் இதில் உயிர்நாடி. அந்த 300 சதுர அடிக்கு முதல் 50 லிட்டர் தூசியும் காக்காய் எச்சமும்தான். நாலு இஞ்ச் பிவிசி பைப்பில் மீட்டருக்கு 8 லிட்டர்தான் பிடிக்கும். ஓர் ஆள் உயரப் பைப்பை மூடி விட்டுவிட்டு ‘முதல் மழை ஒதுக்கி’ என்று சொல்வது போதாது. இறங்குகுழாயில் ‘டி’ (T) வடிவ இணைப்பு ஒன்று போட்டு, கீழ்க்கால் 50 லிட்டர் மூடிய டிரம்முக்குப் போகட்டும். அது நிரம்பியபின் தண்ணீர் பக்கவாட்டில் ஃபில்டருக்குத் திரும்பும். டிரம்மின் அடியில் சின்னக் குழாய் வைத்து, சொட்டுச் சொட்டாக ஒழுகும்படி திறந்தே விட வேண்டும். அப்போதுதான் அடுத்த மழைக்குள் டிரம் காலியாகும். பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். ஓர் இலை போய் அந்தக் குழாயை அடைத்துக்கொள்ளும், டிரம் நிரம்பியே கிடக்கும், அடுத்த மழையின் அழுக்கு முழுவதும் நேராகத் தொட்டிக்குப் போகும். மழை விட்டதும் அந்தச் சொட்டு விழுகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

ஃபில்டருக்கு ஒரு டிரம். அடியில் 20 மி.மீ. ஜல்லி 15 செ.மீ., அதன்மேல் 6 மி.மீ. ஜல்லி 10 செ.மீ., நைலான் வலை, அதன்மேல் கழுவிய கொரகொர மணல் 20 செ.மீ., மறுபடி வலை. எம்-சாண்டைக் கழுவாமல் போட்டால் அதன் பொடி இறுகி முதல் மழையிலேயே அடைத்துக்கொள்ளும். கழுவிய தண்ணீர் தெளிகிறவரை அலச வேண்டும். கனமழையில் ஃபில்டர் வழியும். வழியட்டும், அந்த வழிசலைக் கிணற்றுக்கோ குழிக்கோ விடுங்கள்.

தொட்டி வெளிச்சம் புகாததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாசி. மேல்வழிசலுக்கும் காற்றுக்குழாய்க்கும் கொசுவலை கட்டாயம். டெங்கு கொசு முட்டையிடத் தேடுவது தேங்கி நிற்கிற தெளிந்த தண்ணீரைத்தான். எடுக்கிற குழாய் அடியிலிருந்து 5 செ.மீ. மேலே இருக்கட்டும். பைப், ஃபில்டர், தொட்டி எல்லாம் சேர்ந்து 25,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். பிறகு வருஷாவருஷம் மணல் மாற்றுகிற செலவுதான்.

இந்த ஊருக்கே உரிய ஒரு தொல்லை தீபாவளி. வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற அதே வாரங்களில் மாடியெல்லாம் பட்டாசுக் கரியும் காகிதத்தூளும். அதில் பேரியம் போன்ற உப்புகள் உண்டு, கொதிக்கவைத்தால் அவை போகாது. தீபாவளி கழிந்து மாடியைத் துடைப்பம் போட்டுக் கழுவி, ஒரு கனமழை முழுவதையும் வெளியே விட்ட பிறகே தொட்டியின் வழியைத் திறங்கள். எண்ணூர், மணலி பக்கம் சாம்பலும் புகையும் மாடியில் படிவதால், அங்கே ஆய்வகச் சோதனை இல்லாமல் மாடித் தண்ணீரைக் குடிப்பதை ஏற்க முடியாது.

மழைத்தண்ணீர் சப்பென்று இருக்கும், பழக ஒரு வாரம் ஆகும். பறவை எச்சம் இருப்பதால் அதையும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். கிருமியைச் சோதிக்க எச்2எஸ் குப்பி கிடைக்கிறது. குறியிட்ட அளவு தண்ணீர் ஊற்றி நம் ஊர் அறைச்சூட்டில் ஒன்று, இரண்டு நாள் வைத்தால், கறுத்துப்போனால் மலக்கலப்பு இருக்கிறது என்று அர்த்தம். முறையான அறிக்கை வேண்டுமானால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் சோதித்துத் தருகிறார்கள்.

வாடகை வீட்டில் இருந்தால்

தொட்டி வைக்க முடியாது, வேட்டி கட்ட முடியும். கடலோர ஊர்களில் காலகாலமாகச் செய்வதுதான். துவைத்த எட்டு முழ வெள்ளை வேட்டியைப் பிரித்து நாலு முனையையும் மாடியில் கட்டி, நடுவில் கழுவிய கூழாங்கல் ஒன்றை வைத்து, அடியில் அண்டா. வேட்டியின் பரப்பு நாலரைச் சதுர மீட்டர், 20 மி.மீ. மழைக்கு 90 லிட்டர் விழும், சிதறியது போக 60 வரை கையில் நிற்கும். மழை தொடங்கிக் கால் மணி கழித்துக் கட்டுங்கள். சோப்பு வாசனை இருக்கிற துணி வேண்டாம், நீலம் போட்ட வேட்டியும் வேண்டாம்.

மழை இல்லாத மாதங்களில் வாடகை வீட்டுக்கு மெட்ரோ குழாயும் மண்பானையும். மெட்ரோ இணைப்பே இல்லாமல் போர் தண்ணீரும் 1,000-க்கு மேல் காட்டினால் மட்டும் ஆர்.ஓ. கேன், காய்ச்சல் காலத்துக்கும் குழாயில் சாக்கடை கலந்த வாரத்துக்கும்.

தெருவாகச் செய்ய வேண்டியது

சொந்த வீட்டில் மழை பிடித்துவிட்டு, தெருக்குழாய் எப்படிப் போனால் என்ன என்று இருந்தால், அந்தக் குழாயை மட்டும் நம்பியிருக்கிற வீடுகள் கேனுக்குத் தள்ளப்படும். மெட்ரோ குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது தரம். குளோரின் அளவை நிறத்தால் காட்டுகிற குளோரோஸ்கோப் வாங்கி, தெருவில் தலைப்பு, நடு, கடைசி என்று மூன்று வீட்டில் தண்ணீர் வந்தவுடன் சோதித்து, தேதி, நேரத்தோடு எழுதுங்கள். மருந்துத்துளி விட்டதும் மஞ்சள் வர வேண்டும். சோதித்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள். தலைப்பில் மஞ்சள் வந்து கடைசி வீட்டில் நிறமே வராவிட்டால், இடையில் எங்கோ கசிவோ கலப்போ இருக்கலாம்.

அந்தக் குறிப்போடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். கேள்வி குறுகலாக இருக்கட்டும்: இந்தத் தெருவில் கடந்த ஆறு மாதத்தில் எந்தெந்தத் தேதியில் மாதிரி எடுத்தீர்கள், குளோரின் எவ்வளவு, பாக்டீரியா சோதனை முடிவு என்ன, கசிவு சரிசெய்த தேதி என்ன. பதிலையும் உங்கள் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகலெடுத்து, குடிநீர் வாரியப் பகுதி அலுவலகத்தில் மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை நடக்கிற குறைதீர் கூட்டத்துக்குப் பத்துப் பேராகப் போங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.