எலியட் ஸ்மித்தின் ‘ஐதர்/ஆர்’: ஹெட்ஃபோனில் கேளுங்கள்

அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஹீட்மைசர் என்ற ராக் குழுவில் இருந்த எலியட் ஸ்மித், தனியாகப் பாட வந்ததும் கிட்டத்தட்ட கிசுகிசுக்கிற குரலுக்கு இறங்கிவிட்டார். 1997-இல் கில் ராக் ஸ்டார்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஐதர்/ஆர்’ அவருடைய மூன்றாவது தனி ஆல்பம். எனக்கு இதுதான் உச்சம்.

ஒரே வரியை இரண்டு முறை பாடி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்திருக்கிறார். ஸ்பீக்கரில் அது சாதாரணமாகப் போய்விடும். ஹெட்ஃபோனில் இரண்டு குரலும் மயிரிழை விலகி உரசுவது கேட்கும். ‘ஏஞ்சலஸ்’ பாட்டில் கிட்டாரில் விரல்கள் ஓடுகிற வேகத்துக்கும் குரலின் நிதானத்துக்கும் சம்பந்தமே இல்லை. என்ன கை ஐயா அது! ‘க்யூபிட்ஸ் ட்ரிக்’ மட்டும் பழைய இரைச்சலுக்குத் திரும்புகிறது, அதை நான் தாண்டிவிடுவேன்.

‘குட் வில் ஹன்டிங்’ படத்தில் இதிலிருந்து மூன்று பாட்டுகள் வந்தன. அவை பிடித்தவர்கள் மற்ற ஒன்பதையும் வரிசை மாற்றாமல் கேட்க வேண்டும்.