மூலிகை என்று நம்பி வாங்கிய கேப்ஸ்யூல்

தங்கை மகள் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது, எடை மெஷின் 78 காட்டியது. எங்கள் குடியிருப்பில் கீழ்வீட்டு அக்கா எடை குறைக்கும் கேப்ஸ்யூல் விற்பார். 60 கொண்ட டப்பா 2,800 ரூபாய். “எல்லாம் மூலிகைம்மா, குடம்புளியும் கிரீன் டீயும்தான்” என்றார். மீன்குழம்பில் போடும் புளிதானே, என்ன ஆகிவிடும் என்று வாங்கிவிட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, வேலை செய்தது. பசியே செத்துப்போனது. இரண்டு இட்லியில் ஒன்று தட்டிலேயே கிடக்கும். 12 நாளில் 4 கிலோ! அந்தக் குஷியில், நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டதையும் ராத்திரி 2 மணிவரை கொட்டக்கொட்ட விழித்துக் கிடந்ததையும் கண்டுகொள்ளவில்லை. அக்காவிடம் கேட்டதற்கு, “கெட்ட நீர் வெளியேறுது, அப்படித்தான் இருக்கும்” என்று பதில்.

16ஆம் நாள் மாடிப்படியில் நெஞ்சு படபடத்தது, உட்கார்ந்தும் அடங்கவில்லை. கிளினிக்கில் பிரஷர் 170/110. அதுவரை எனக்குப் பிரஷரே கிடையாது. “இளைக்கிறதுக்கு ஏதாவது சாப்பிடறீங்களா?” என்றுதான் டாக்டரம்மா முதலில் கேட்டார்.

சிபுட்ரமின் என்று ஒரு மருந்து. பசியை அடக்கும், பிரஷரையும் நாடித்துடிப்பையும் ஏற்றிவிடும். மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையைவிட்டு எடுத்தார்கள். 2011இல் இந்தியாவும் தடை செய்தது. ஆனாலும் ‘மூலிகை’ டப்பாக்களுக்குள் அது ஒளிந்திருப்பது பல நாட்டுச் சோதனைகளில் அகப்பட்டுக்கொண்டே இருக்கிறது. என் டப்பாவில் இருந்தது அதுதானா என்று ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். குடம்புளிச் சாறு, கிரீன் டீ சாறு மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களும் உண்டாம். அதற்கும் ரத்தம் எடுத்தார்கள். நல்லவேளை, ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு டப்பாவைப் பார்த்தேன். உணவுப் பொருளுக்கு உரிமம் தரும் மத்திய அரசு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிம எண்ணில் 14 இலக்கம் இருக்க வேண்டும், இதில் 11தான். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர், வேறு பெயர், வேறு தேதி. 2,800 ரூபாய் கொடுத்தவள் இதை முதல் நாளே செய்திருக்கலாம். (14 இலக்கம் சரியாக இருந்தாலும் ஒவ்வொரு டப்பாவையும் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை, அது வேறு கதை.)

பணத்தைக் கேட்டேன். “திறந்த டப்பாவுக்கு ரிட்டர்ன் இல்லைம்மா” என்றார் அக்கா. மீதமிருந்த 28 கேப்ஸ்யூலையும் டப்பாவோடு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

இதேமாதிரி ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்திவிட்டுப் பிரஷர் பாருங்கள். டப்பாவை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டாக்டர் கேட்பார்.