ஆக்சிலரேட்டர் கேபிள்: துத்தநாகம் பூசிய கம்பியா, ஸ்டெயின்லெஸ் கம்பியா?

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆக்சிலரேட்டர் கேபிளை நாமே செய்யும்போது, உள்கம்பியாகத் துத்தநாகம் பூசிய முறுக்குக் கம்பியையோ ஸ்டெயின்லெஸ் கம்பியையோ பயன்படுத்தலாம். முன்னதில் ஈயம் வைப்பது எளிது: நிப்பிள் எனப்படும், கேபிள் நுனியில் பொருத்தும் சிறு பித்தளைக் குமிழுக்குள் நுழைத்து, நுனி இழைகளைப் பூப்போல விரித்து, சாதாரண சால்டரிங் பேஸ்ட் தடவிச் சூடாக்கினால், ஈயம் ஓடிப் பிடித்துக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் கம்பியிலோ அமில பிளக்ஸ் (ஈயம் ஒட்டுவதற்காகத் தடவும் அமிலக் கலவை) இல்லாமல் ஈயம் சரியாக ஒட்டாது. ஒட்டிய பிறகும் சோடா உப்பு கரைத்த நீரில் கழுவாவிட்டால், எஞ்சிய அமிலம் நிப்பிளின் கழுத்தருகே இழைகளை அரித்துவிடும். ஆயினும் குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் நிற்கும் வண்டிக்கு இந்தச் சிரமத்தைப் படலாம் என்பதே என் கருத்து. உப்புக்காற்றில் துத்தநாகம் அரித்துப்போய், துருவேறிய கம்பி உறைக்குள் இறுகினால், பெடலை விட்டாலும் திராட்டில் (எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) மூடாது. தக்கலைப் பக்கம் கொட்டகைக்குள் நிற்கும் வண்டிக்கு முதல் வகையே போதும், அவ்வப்போது எண்ணெய் விடுவதாக இருந்தால்.