பித்தப்பைக் கல்: அல்சூரில் கிடைத்த நிதானமான ஆலோசனை

அம்மாவுக்கு ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரிந்ததும், முதலில் பார்த்த இடத்தில் உடனே அட்மிஷன் போடச் சொன்னார்கள். ஏன் என்று யாரும் விளக்கவில்லை. அதனால்தான் பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த சர்ஜனிடம் போனோம்.

ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்கு முன்பே அம்மாவிடம் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார். வலி எங்கே, எப்போது, எவ்வளவு நேரம்? போண்டா சாப்பிட்ட ராத்திரி வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டை வரை இழுத்ததை அம்மா சொன்னார். "கல் இருந்தும் தொந்தரவே இல்லைன்னா பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாதும்மா. உங்களுக்கு வலி திரும்பத் திரும்ப வருது, எடுத்துடறது நல்லது" என்றார். கல்லை மட்டும் எடுத்தால் மறுபடி உருவாகலாம், அதனால் பையையே எடுப்பார்கள். பித்தநீரைச் சுரப்பது ஈரல், பை இல்லாமலும் சாப்பாடு செரிக்கும் என்று படம் வரைந்து காட்டினார். கரைக்கும் மாத்திரை பற்றி நான் கேட்டதற்கும் பொறுமையாகப் பதில்: சில சின்னக் கொழுப்புக் கற்களுக்கு மட்டும்தான், அதுவும் மாதக்கணக்கில், நிறுத்தினால் திரும்பவும் வரலாம். ஆபரேஷனில் பித்தக்குழாயில் காயம் படும் ஆபத்து அரிது, ஆனால் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே இதை எழுதுகிறேன்.

காத்திருக்கும் நேரம் அதிகம், உட்கார இடம் போதாது.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டோம். அதற்குள் காய்ச்சலோ, கண் மஞ்சளாவதோ, விடாத வலியோ வந்தால் ராத்திரியானாலும் எமர்ஜென்சிக்கு வந்துவிடச் சொல்லியிருக்கிறார்.