ஆனைக்கோட்டைக் குறிகளைப் பதிய: எழுத்துருவா, எண்ணா?

யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் கிடைத்த பழைய முத்திரையில் இரண்டு வரிகள். கீழ்வரி பிராமி என்னும் பழைய எழுத்து. அதற்கு, கணினியில் எழுத்துகளுக்குப் பொது எண் தரும் யூனிகோட்டில் 2010 முதல் இடம் இருக்கிறது. சிக்கல், எழுத்தா என்று தெரியாத மேல்வரிக் குறிகளில்தான். அவற்றோடு ஒப்பிடப்படும் சிந்துவெளிக் குறிகளுக்கும் யூனிகோட்டில் இன்னும் இடம் இல்லை.

முதல் வழி, அவரவர் விருப்பப்படி குறிகளை வைத்துக்கொள்ள யூனிகோட் விட்டிருக்கும் தனிப்பயன் பகுதி. அடிப்படைத் தளத்திலேயே 6,400 இடங்கள். குறியை வரைந்து எழுத்துருவாக்கினால் திரையில் அழகாக வரும். ஆனால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு பட்ட பாடுதான்: எழுத்துரு இல்லாத கணினியில் படிக்க முடியாது. பாமினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்தன, இங்கே வெறும் பெட்டி. அதே இடத்தில் வேறொருவரின் எழுத்துரு இருந்தால் இன்னும் மோசம், வேறு குறி தோன்றும், பிழையென்றே தெரியாது. இந்த இடங்களுக்கு இயல்பான திசை இடமிருந்து வலம். சிந்து வரிகளோ பெரும்பாலும் வலமிருந்து இடம்.

இரண்டாவது, எண். சிந்து எழுத்து ஆய்வாளர் ஐராவதம் மகாதேவனின் 1977 பட்டியலில் 417 சிந்துக் குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சாடிக் குறி 342, மீன் 59. கோப்பில், மகாதேவனைக் குறிக்கும் ‘ம’ சேர்த்து ம342, ம059 என மூன்று இலக்கமாகவே இடுங்கள். ம5 என்று விட்டால் தேடலில் ம59உம் சேர்ந்து வரும். சிதைந்த குறிக்கு ம000.

தரவுக்கு எண்ணே மேல். எழுத்துரு அச்சுக்குப் போதும். ஆனைக்கோட்டைக் குறிகளுக்கு மட்டும் ம-எண் வேண்டாம், அது ‘இவையும் சிந்துக் குறிகளும் ஒன்றே’ என்ற முடிவாகிவிடும். ஆ001 எனத் தனி வரிசை தொடங்கி, படத்தையும் இணையுங்கள்.