வேலைவாய்ப்புத் தளத்தின் கட்டணச் சந்தா: அந்த மணியை முதலில் அணையுங்கள்

பழைய கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, நீங்க பணம் கட்டி வச்சிருக்கீங்களே, அந்த வேலைத் தளம், அதோட பிளான் விலையைக் குறைச்சிருக்காங்க. வாங்கலாமா?" போனில் பதில் சொல்ல ஆரம்பித்து, நேரம் போனதே தெரியாமல் திட்டிக்கொண்டிருந்தேன். அதில் நியாயம் எவ்வளவு, எரிச்சல் எவ்வளவு என்று பிரித்து எழுதி வைத்தால் அவனுக்கும் உதவும், இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கும் உதவும்.

தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஓசி விளம்பரமும் வேண்டாம், வம்பும் வேண்டாம். பிளானில் என்னென்ன தருகிறார்கள் என்பது அவர்கள் பக்கத்திலேயே இருக்கிறது. நான் மருந்துக் கம்பெனி க்யூசி (தரச் சோதனை) ஆள், மருந்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் ஹெச்பிஎல்சி மெஷினோடு குடும்பம் நடத்துகிறவன். கடலூர் சிப்காட்டிலிருந்து புதுச்சேரி பக்கம் மாறத்தான் இதை வாங்கினேன். ஐடி ஆட்களின் அனுபவம் வேறாக இருக்கலாம்.

முதலில் அந்த மணி. "ஒரு ரெக்ரூட்டர் உங்கள் விவரத்தைப் பார்த்தார்" என்று போனில் டிங் என்று வரும். லேபில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதியம் சாப்பிட வெளியே வந்து எடுத்தால் நாலைந்து டிங் காத்திருக்கும். சோற்றைப் பிசைந்த கையோடு சுண்டு விரலால் திறந்து பார்ப்பேன். பார்த்தவர் கம்பெனி ஆள் இல்லை, கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சி. அடுத்ததும் கன்சல்டன்சி. மூன்றாவதில் பெயரே இருக்காது, "ஒரு முன்னணி மருந்து நிறுவனம்" என்று மட்டும் இருக்கும். இலவசக் கணக்கில் பெயரை மறைத்துக் காட்டுவார்கள், பணம் கட்டினால் தெரியும் என்றுதானே கட்டினேன்? கட்டிய பிறகும் மறைத்துக் காட்டினால் கோபம் வருமா வராதா?

"பார்த்தார்" என்பதற்குப் பெரிய அர்த்தம் ஒன்றும் கிடையாது. ஒரு கன்சல்டன்சியில் உட்கார்ந்திருக்கும் பெண் "ஹெச்பிஎல்சி" என்று அடித்துத் தேடுகிறார். வந்த பட்டியலை வரிசையாகத் திறந்து மூடுகிறார். நமக்கு டிங். அவருக்கு ஹைதராபாத்துக்கு ஆள் வேண்டும். நாம் கடலூர், புதுச்சேரி என்று கட்டம் கட்டமாக நிரப்பியது அவர் கண்ணிலேயே படாது. "சார், ஹைதராபாத் போறீங்களா?" "இல்லைங்க." "ஃப்ரெண்ட்ஸ் யாராவது இருக்காங்களா?" இந்த உரையாடலை எனக்கு மனப்பாடமாகச் சொல்ல முடியும். அந்தப் பெண்ணின் மேல் தப்பில்லை, அவருக்கு மாத டார்கெட். ஒவ்வொரு டிங்கையும் வேலையே வந்துவிட்டது போல ஜோடித்துக் காட்டுகிற தளத்தின் மேல்தான் எனக்குக் கோபம்.

அடுத்து இடம் பார்த்து வடிகட்டும் வசதி. சென்னை, பெங்களூருக்கு அது சரியாகவே வேலை செய்கிறது. நம் பக்கத்துப் பூகோளம் மட்டும் அதற்குப் பிடிபடவில்லை. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில் போனால் அரியூர் வரை புதுச்சேரி, அடுத்து கண்டமங்கலம் தமிழ்நாடு, அதைத் தாண்டினால் திருபுவனை மறுபடி புதுச்சேரி. "தமிழ்நாடு" என்று தேடினால் திருபுவனை வராது, "புதுச்சேரி" என்று தேடினால் கண்டமங்கலம் வராது. புதுச்சேரியின் சேதராப்பட்டுக்கு ஒட்டினாற்போல் வானூர் பக்கம் இருக்கிற கம்பெனிகள் விழுப்புரம் மாவட்டக் கணக்கில் போய்விடும். எல்லாம் ஒரே பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். கடலூர், புதுச்சேரி, பாண்டிச்சேரி, விழுப்புரம் என்று நாலு தேடலைத் தனித்தனியாகச் சேமித்து வைத்தேன். கஸ்டமர் கேருக்கு எழுதினால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வருகிறது. இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

சரி, இவ்வளவு திட்டியாயிற்று. நல்லதையும் சொல்ல வேண்டும், அது விளம்பரத்தில் அவர்கள் சொல்லாத ஒன்று. கட்டணக் கணக்கில் ஒரு கம்பெனியின் பழைய, காலாவதியான விளம்பரங்களையும் திறந்து பார்க்க முடிகிறது. போட்டவர் பெயர், பதவியோடு. எனக்கு இது தங்கச் சுரங்கமாகிவிட்டது. ஒரே க்யூசி வேலைக்கு ஒரு கம்பெனி சில மாதத்துக்கு ஒருமுறை விளம்பரம் போட்டுக்கொண்டே இருந்தால் அங்கே ஆள் நிற்பதில்லை என்று பொருள். ஒரே சமயத்தில் க்யூசி, க்யூஏ (தர உறுதி), மைக்ரோபயாலஜி மூன்றுக்கும் போட்டிருந்தால் புது உற்பத்திக் கட்டடம் வருகிறது, இல்லை ஏதோ ஆடிட் வருகிறது. க்யூஏ மேனேஜர் பதவிக்கு விளம்பரம் வந்து, கொஞ்ச நாளில் கீழ்மட்டப் பதவிகளுக்கு வர ஆரம்பித்தால் புது மேனேஜர் வந்து ஆள் சேர்க்கிறார். இந்த மூன்றாவது வகைதான் நமக்கு வேண்டியது.

விளம்பரம் போட்டவர் பெரும்பாலும் ஹெச்ஆர். ஆள் பற்றாக்குறையால் இரவு ஷிப்டில் யாரைப் போடுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர் க்யூசி ஹெட். ரெஸ்யூம் அவர் மேசைக்குப் போக வேண்டும். அவர் பெயரை லிங்க்ட்இன்னில் கம்பெனி பெயரோடு "குவாலிட்டி கன்ட்ரோல்" என்று போட்டுத் தேடினால் அநேகமாகக் கிடைத்துவிடும். சிறிய கம்பெனி என்றால் கிடைக்காது. அப்போது ஃபேக்டரி லேண்ட்லைனுக்குப் போன் செய்து க்யூசிக்கு இணைப்பு கேட்கலாம். மாதக் கடைசி வாரத்தில் மட்டும் செய்யாதீர்கள். டிஸ்பேட்ச் நெருக்கடியில் அவர் யாரோடும் நல்ல வார்த்தை பேச மாட்டார்.

லிங்க்ட்இன் இலவசக் கணக்கில், தொடர்புக்கு அழைக்கும்போது கூட அனுப்பும் குறிப்புக்கு 200 எழுத்துதான் இடம். "உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் பணியாற்ற ஆர்வமாக உள்ளேன்" என்று ஆரம்பித்தால் நிறைய இடம் அதிலேயே போய்விடும். நான் அனுப்பியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "சார், மாத்திரை க்யூசி. அஸ்ஸே, டிசொல்யூஷன், ஸ்டெபிலிட்டி. வாட்டர்ஸ் மெஷின், எம்பவர் மென்பொருள். மஞ்சக்குப்பத்தில் கம்பெனி பஸ் ஏறிக்கொள்வேன். ஷிப்டுக்குச் சம்மதம்." முதலில் வருபவை நான் செய்யும் மாத்திரைச் சோதனைகள். மெஷின் பெயரையும் மென்பொருள் பெயரையும் பார்த்தாலே, இவனுக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டுவிடுவார். பஸ் விஷயம் இன்னும் முக்கியம். வெளியூர்ப் பையன் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் திரும்பி வருவானா என்ற பயம் எல்லா ஹெட்டுக்கும் உண்டு.

எனக்குக் கடைசியில் வேலை வாங்கித் தந்ததில் பெரும்பங்கு தளத்துக்கு இல்லை, மெஷின் சர்வீஸ் இன்ஜினியருக்குத்தான். ஹெச்பிஎல்சி காலிபரேஷனுக்கும் பராமரிப்புக்கும் வருகிற இவர்கள் கடலூர், புதுச்சேரி, ஆலத்தூர் என்று எல்லா லேபுக்குள்ளும் போய் வருகிறவர்கள். எந்த லேபில் புது மெஷின் இறங்கியிருக்கிறது, எங்கே இரண்டு பேர் ஒரே மாதத்தில் பேப்பர் போட்டார்கள், எல்லாம் தெரியும். புது மெஷின் இறங்கினால் அதை ஓட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. லேம்ப் மாற்றிக்கொண்டிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன். "சார், நீங்க சொல்ற கம்பெனியில போன மாசம்தான் ரெண்டு மெஷின் இன்ஸ்டால் பண்ணினேன். ஹெட்டு நல்ல மனுஷன், நேரா பேசுங்க" என்றார். அந்த ஹெட்டின் பெயரைத் தளத்தின் பழைய விளம்பரங்கள் வழியாக ஏற்கெனவே குறித்து வைத்திருந்தேன். இரண்டும் ஒன்று சேர்ந்ததால்தான் காரியம் நடந்தது. கெமிக்கல், கண்ணாடிச் சாமான் சப்ளை செய்கிற டீலர்களும் இதே மாதிரி விஷயம் தெரிந்தவர்கள். ஆனால் அவர்களிடம் சொன்னால் உங்கள் இப்போதைய மேனேஜர் காதுக்கும் போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டாமலே பார்க்கக்கூடிய இன்னொன்று, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளம். 2018இல் வந்தது. கெமிக்கல், மருந்து மூலப்பொருள் கம்பெனி ஒன்று உற்பத்தியைப் பெருக்க வேண்டுமென்றால் 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அந்த விண்ணப்பமும் திட்ட அறிக்கையும் அங்கே பொதுவில் கிடைக்கும், எத்தனை பேருக்கு வேலை என்ற வரி உட்பட. கடலூர் சிப்காட் இருக்கும் குடிகாடு பக்கம் யார் விரிவாக்கம் செய்யப் போகிறார்கள் என்பது வேலை விளம்பரம் வருவதற்கு வெகு முன்னாலேயே தெரிந்துவிடும். அனுமதி வந்து கட்டடம் எழும்ப நாளாகும், பொறுமை வேண்டும்.

மாத்திரை கம்பெனிகளுக்கு வேறு கணக்கு. 2023 டிசம்பரில் திருத்தப்பட்ட ஷெட்யூல் எம், அதாவது மருந்தை எப்படித் தயாரிக்க வேண்டும் என்ற விதித் தொகுப்பு, வந்தது. விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு ஆறு மாதம், மற்றவர்களுக்கு ஒரு வருடம் என்றார்கள். அப்புறம் விண்ணப்பித்த சிறிய கம்பெனிகளுக்கு 2025 டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். ஆவணம், வேலிடேஷன், ஸ்டெபிலிட்டி எல்லாவற்றுக்கும் கூடுதல் ஆள் இல்லாமல் அதைச் சமாளிக்க முடியாது. அதனால் புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் எஸ்டேட்டில் பெயர்ப்பலகைகூட மங்கிப்போன ஒரு சின்ன யூனிட்டை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். அவர்களில் பலர் எந்தத் தளத்திலும் விளம்பரம் போட மாட்டார்கள், போய்க் கேட்டால்தான் உண்டு.

பிளானில் சேர்த்துத் தருகிற "ரெஸ்யூம் எழுதித் தரும் சேவை"யைப் பற்றி ஒரே வரி: அதைத் தொடாதீர்கள். "இலக்கை நோக்கி ஓயாது உழைக்கும் ஆற்றல்மிக்க நிபுணர்" என்று என்னைப் பற்றி எழுதி அனுப்பினார்கள். எந்த மாடல் மெஷின் என்ற வரியை இடமில்லை என்று தூக்கிவிட்டிருந்தார்கள். "பட்டியலில் மேலே காட்டுவோம்" என்பதும் பெரிய சங்கதி இல்லை. இந்த மாதிரித் தளங்களில் கடைசியாக எப்போது உள்ளே வந்தோம் என்பதை வைத்து ரெக்ரூட்டர்கள் வடிகட்ட முடியும். காலையில் ஒருமுறை உள்ளே போய் ஒரு வார்த்தையை மாற்றிச் சேமித்தால் காசில்லாமலே அதே பலன்.

மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டு. இடத் தேடலுக்குப் பூஜ்யம், மணிக்கு மைனஸ், பழைய விளம்பரங்களுக்கு மட்டும் முழு மார்க். விலை குறைந்தாலும் வருடப் பிளான் எடுக்காதீர்கள். மூன்று மாதம் எடுத்து, முதல் வாரமே வேண்டிய கம்பெனிகளின் விளம்பர வரலாற்றைப் பார்த்துப் பெயர்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வாங்கிய அன்றே அமைப்புகளில் போய் "விவரத்தைப் பார்த்தவர்" அறிவிப்பை அணைத்துவிடுங்கள். அது வேலை விளம்பர அறிவிப்போடு இல்லை, "சிறப்புச் சலுகைகள்" என்ற தலைப்புக்குள் ஒளிந்திருக்கிறது.

சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அதைத் தளத்திற்குள் நிறுத்தப் பார்த்தால் நாலு பக்கம் தாண்டி "உண்மையிலேயே போகிறீர்களா?" என்று கேட்பார்கள். யுபிஐயில் கட்டியிருந்தால் அங்கே அலைய வேண்டாம், உங்கள் போனில் உள்ள யுபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலுக்குப் போய் ரத்து செய்தால் போதும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்த மெசேஜ் வந்த அன்று செய்தால்கூடத் தப்பிக்கலாம். எனக்கு அது போன மாதம் வந்தது. படித்தேன், நன்றாகத் திட்டினேன், ரத்து செய்யவில்லை. புது கம்பெனியில் அடுத்த வருடம் என்ன சம்பளம் போடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்.